கடன் குறைந்ததா, கடன் வாங்குவது குறைந்ததா?
ஒரு மாணவியின் ஆய்வும் ஒரு கணக்காளரின் பழைய கொப்பியும்



மாணவர் பகுதிக்கு ஒரு கட்டுரை தரும்படி சங்கத்தினர் கேட்டபோது, வருமான வரி பற்றி எழுதுவேன் என்றுதான் அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். இம்முறை கணக்கு வேறு. பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், விஞ்ஞான பாடத்துக்காகக் காலநிலை மாற்றம் பற்றி ஓர் ஆய்வு செய்தாள். அதில் அவளுக்கு ஒரு தடுமாற்றம் ஏற்பட்டது. அந்தத் தடுமாற்றம் நம்மில் பலருக்கும், பெரிய படிப்புப் படித்தவர்களுக்கும்கூட, இருப்பதால் அதனை இங்கு விளக்க விரும்புகிறேன்.

கேப் கிரிம் காற்று

ரஸ்மேனியாவின் வடமேற்கு முனையில் கேப் கிரிம் என்ற இடத்தில், கடலிலிருந்து 94 மீற்றர் உயரமான குன்றின் மேல், காற்றை அளக்கும் நிலையம் ஒன்று உண்டு. 1976ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்நிலையத்தை அவுஸ்திரேலிய வானிலை நிலையம் நடத்துகிறது. சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. விஞ்ஞானிகளும் சேர்ந்து பணியாற்றுகிறார்கள். தென்மேற்குக் காற்று அங்கே வந்து சேருமுன், ஊரோ தொழிற்சாலையோ இல்லாத தென் சமுத்திரத்தின் மேல் பல்லாயிரம் கிலோமீற்றர் கடந்து வருகிறது. ஆகவே அங்கு அளக்கப்படுவது ஒரு நகரத்தின் புகை அல்ல. எல்லாரும் வெளிவிட்டது கலந்து பரவிய பின் உள்ள பொதுக் காற்று.

1978 முதல் அந்தக் காற்றை உருக்கு உருளைகளில் அடைத்து, நமது மெல்பேர்ணில் அஸ்பென்டேல் என்ற இடத்தில் உள்ள ஆய்வுகூடத்தில் பாதுகாத்தும் வருகிறார்கள். பழைய பற்றுச்சீட்டுகளை எறிய மனமில்லாத கணக்காளனான எனக்கு இச்செய்தி மிகவும் பிடித்தது.

அந்த அளவீடுகளை யாரும் எடுத்துப் பார்க்கலாம். மகள் எடுத்துப் பார்த்தாள். பத்து இலட்சம் பங்கு காற்றில் காபனீரொட்சைட்டு எத்தனை பங்கு என்பதே கணக்கு. கைத்தொழில் யுகத்துக்கு முன் அது 280 பங்கு அளவில் இருந்தது என்பதை அந்தாட்டிக் பனியில் சிறைப்பட்ட பழைய காற்றுக் குமிழிகள் காட்டுகின்றன. 1976இல் கேப் கிரிமில் ஏறத்தாழ 330. 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் 400ஐத் தாண்டியது. இன்று 420 அளவில் நிற்கிறது. முதல் 50 பங்கு கூட இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் எடுத்தது. அடுத்த 90 பங்கு கூட ஐம்பது வருடங்களே போதுமாயின.

மகளின் தடுமாற்றம்

2020ஆம் ஆண்டு மெல்பேர்ணில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். யூலை தொடக்கம் ஒக்டோபர் வரை வீட்டுக்குள் இருந்தோம். சில வாரங்கள் ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் போக முடியாது. இரவில் வெளியே வர முடியாது. ஊரடங்கு என்ற சொல்லை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தோம் என்று நினைத்திருந்த நமக்கு அது மீண்டும் வாசலுக்கு வந்தது. நெடுஞ்சாலைகள் வெறிச்சோடின. விமானங்கள் ஓடவில்லை. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதால் உலகம் வெளிவிடும் காபனீரொட்சைட்டு அவ்வருடம் சுமார் 5 வீதம் குறைந்தது.

ஆகவே 2020க்கான கேப் கிரிம் எண் இறங்கியிருக்கும் என்று மகள் எதிர்பார்த்தாள். ஆய்வுக்குத் தலைப்புக்கூட அதை வைத்தே எழுதிவிட்டாள். எண் இறங்கவில்லை. முந்திய வருடத்தைவிட இரண்டு பங்குக்கு மேல் கூடியிருந்தது.

"அப்பா, நான் பிழையான வருசத்தைப் பார்த்திட்டனோ?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை, வருசம் சரி."

"அப்ப எல்லாரும் வீட்டுக்குள்ள இருந்தும் ஒரு பிரயோசனமும் இல்லையே? பிறகேன் இதைப் படிக்கிறது?"

கடைசிக் கேள்விதான் எனக்குக் கவலை தந்தது. பதினேழு வயதுப் பிள்ளை எண்ணைப் பார்த்து நம்பிக்கை இழக்கக்கூடாது. ஆனால் நம்பிக்கைக்காக எண்ணை மாற்றிச் சொல்லவும் முடியாது. அது என் தொழிலுக்கே ஆகாது.

பழைய கொப்பி

இதுவரை நான் அவளுக்குக் காட்டாத ஒரு கொப்பியை எடுத்து வந்தேன். 2009இன் இறுதியில் கைக்குழந்தையான இவளையும் தூக்கிக்கொண்டு இந்நாட்டுக்கு வந்த புதிதில் நான் எழுதிய கடன் கணக்கு அது. பட்டம் பெட்டிக்குள் இருந்தது. நான் இரவில் களஞ்சியம் ஒன்றில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஊரில் அக்காவின் நகைகள் அடகில். இங்கே நண்பர்களிடம் கைமாற்று.

ஒரு மாதம் 800 டொலர் வாங்கி 400 திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் 700 வாங்கி 400 கொடுத்தேன். மூன்றாம் மாதம் 650 வாங்கி 400 கொடுத்தேன். வாங்குவது மாதாமாதம் குறைகிறதே என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கொப்பியைப் பார்த்துவிட்டு, "இஞ்சருங்கோ, வாங்கிறது குறையுது எண்டு சொல்லுறியள். அப்ப கடன் ஏன் கூடுது?" என்று கேட்டார். மூன்று மாதத்தில் கடன் 950 டொலர் கூடியிருந்தது. வணிகத்தில் பட்டம் பெற்றவன் நான். கணக்கைச் சரியாகப் பார்த்தவர் அவர்.

மகள் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் நகைகள் எப்போது மீண்டன என்று முதலில் கேட்டாள். அதற்குப் பதில் சொன்ன பின்னர்தான் காற்றுக்குத் திரும்பினோம்.

இலாப நட்டக் கணக்கும் ஐந்தொகையும்

வணிகம் படிக்கும் மாணவர்களுக்கு இது முதல் பாடம். இலாப நட்டக் கணக்கு ஒரு வருடத்தில் நடந்ததைச் சொல்லும். ஐந்தொகை இன்றைய நாளில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லும். நாடுகள் வெளிவிடும் வாயு முதலாவது வகை. கேப் கிரிம் எண் இரண்டாவது வகை. பூமியைச் சூடாக்குவது இந்த இரண்டாவது எண், அதாவது மீதி.

உலகத்தின் கணக்கைச் சுருக்கமாக இப்படி எழுதலாம். மனிதர் ஒரு வருடத்தில் வெளிவிடும் காபனீரொட்சைட்டு, காடழிப்பையும் சேர்த்து, சுமார் 40 பில்லியன் தொன். அதில் ஏறத்தாழ பாதியைக் கடலும் காடுகளும் மண்ணும் உறிஞ்சிக்கொள்கின்றன. மிச்சம் 20 பில்லியன் தொன் காற்றில் தங்குகிறது. 7.8 பில்லியன் தொன் தங்கினால் கேப் கிரிம் எண் ஒரு பங்கு கூடும். 20ஐ 7.8ஆல் பிரித்தால் சுமார் இரண்டரை. ஆண்டுதோறும் அளவீட்டில் கூடுவதும் அந்த அளவுதான். கணக்கு ஒத்துப்போகிறது.

இனி 2020ஐப் பாருங்கள். 40க்குப் பதிலாக 38 வந்தது. 20 போனது. 18 தங்கியது. இரண்டரைக்குப் பதிலாக இரண்டும் மூன்றில் ஒன்றும் கூடவேண்டும். இந்தச் சிறு வித்தியாசமும், காடுகளும் கடலும் வருடத்துக்கு வருடம் கூட்டிக் குறைத்து உறிஞ்சும் ஏற்ற இறக்கத்தில் மறைந்துவிடும். எண் பிழையல்ல. வீட்டுக்குள் இருந்ததும் வீணல்ல. வாங்கும் கடன் குறைந்தது, கடன் குறையவில்லை. அவ்வளவே.

இத்தவறு என் மகளுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜோன் ஸ்ரேர்மன் என்ற பேராசிரியரும் லிண்டா பூத் ஸ்வீனி என்பவரும், அங்கு மேற்பட்டப்படிப்புப் படிக்கும் மாணவர்களிடம் இதே வகைக் கேள்வியைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2007இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். புகை கூடாமல் நின்றாலே காற்றிலுள்ள அளவும் நின்றுவிடும் என்று பெரும்பான்மையானோர் நினைத்திருந்தார்கள்.

பரிகாரம் என்ன?

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, வரவை அடைப்பது. இரண்டாவது, உறிஞ்சும் காடுகளையும் கண்டல்களையும் காப்பது. மூன்றாவது, காற்றிலிருந்து வாயுவைப் பிரித்தெடுப்பது. இது இன்னும் சிறிய அளவில், பெருஞ்செலவில் நடக்கிறது. முதல் வழியே பிரதானம்.

பாதியாகக் குறைத்தால் போதாதா என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. பாதியானால் மீதி சில காலம் நிற்கும். ஆனால் வரவு குறையக் குறைய உறிஞ்சுவதும் மெல்லக் குறைந்துவிடும். ஆகவே நிகர வரவு பூச்சியமாக வேண்டும். அந்நாளில் வெப்பம் ஏறுவது ஏறத்தாழ நிற்கும். ஏறிய வெப்பம் உடனே இறங்காது. 2050இல் நிகரப் பூச்சியம் என்று அவுஸ்திரேலியா 2022இல் சட்டம் இயற்றியதன் பொருள் இதுவே.

இது முடியுமா? இங்குதான் ஒரு மாணவனின் கதை வருகிறது. 1980களின் இறுதியில் சீனாவிலிருந்து ஷி செங்ரோங் என்ற இளைஞர் சிட்னிக்குப் படிக்க வந்தார். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மார்ட்டின் கிறீனின் குழுவில் சேர்ந்து 1992இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். சூரிய ஒளியில் 20 வீதத்தை மின்சாரமாக்கும் சிலிக்கன் கலத்தை 1985இல் உலகில் முதன்முதலாகச் செய்துகாட்டிய குழு அது. ஷி 2001இல் சீனாவில் சண்டெக் என்ற கம்பனியைத் தொடங்கிச் சூரியத் தகடுகளைப் பெருந்தொகையாகச் செய்தார். 2013இல் அக்கம்பனியின் பிரதான பிரிவு கடனில் முறிந்தது. ஆனால் அவரும் பிறரும் போட்டியிட்டுக் குறைத்த விலை திரும்ப ஏறவில்லை. இன்று அவுஸ்திரேலியாவில் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட கூரைகளில் சூரியத் தகடுகள் உள்ளன. நம் விக்டோரியாவில் 1964 முதல் பழுப்பு நிலக்கரி எரித்த ஹேசல்வூட் மின்நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது.

ஊருக்கும் இதில் பங்குண்டு. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் அடியில், உவர்நீருக்கு மேல் மிதக்கும் மழைநீரே நம் கிணறு. மாரி மழை வைப்பிட்டதைக் கோடையில் எடுக்கிறோம். கடல்மட்டம் உயர்ந்தால் அந்த வைப்பின் அடியில் உப்பு ஏறும். காற்றில் கடன் வைத்தவர்கள் பெரும்பாலும் வேறிடத்தார். வட்டி கட்டுபவர்களில் நம் உறவினரும் இருப்பார்கள். கார் ஓட்டியும் விமானம் ஏறியும் நாமும் இப்போது அந்தக் கடன்காரர்களில் சேர்ந்துவிட்டோம் என்பதையும் மறக்கக்கூடாது.

மகள் தலைப்பை மாற்றி எழுதி ஆய்வை ஒப்படைத்தாள். அடுத்த வருடம் சக்தி சார்ந்த பொறியியல் படிக்க விரும்புகிறாள். மருத்துவம் கிடைக்கும் புள்ளிகளோடு இதென்ன படிப்பு என்று ஆரம்பத்தில் தடுத்தவன் நான். இப்போது தடுப்பதில்லை. கடனை அடைக்கும் வேலை நிலையான வேலை என்பதை என் கொப்பியே எனக்குச் சொல்லியிருக்கிறது.

பிள்ளைகளோடு செய்து பார்க்க

1. தொட்டிக்குள் நிமிடத்துக்கு 40 லீற்றர் விழுகிறது. 20 லீற்றர் வெளியேறுகிறது. விழுவதை 30 ஆகக் குறைத்தால் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா?

2. "புகை 10 வீதம் குறைந்தது" என்று செய்தியில் கேட்டால், அடுத்து நாம் கேட்கவேண்டிய கேள்வி எது?

முதலாவதற்கு "இறங்கும்" என்று உங்கள் பிள்ளை சொன்னால் கோபிக்க வேண்டாம். பக்கத்தில் இருந்து, ஒரு கொப்பியை எடுத்து, வரவு செலவு மீதி என்று மூன்று கோடு கீறிக் கொடுங்கள்.