நிலவு வண்டியும் இரண்டரை நொடியும்

நிலவில் ஓடும் வண்டியைப் பூமியிலிருந்தே செலுத்த இயலுமா? இதை ஆராய, 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர் ஜேம்ஸ் ஆடம்ஸ் கேமரா பொருத்திய வண்டியொன்றை அமைத்தார்.

நிலவின் தொலைவு ஏறத்தாழ 3,84,000 கி.மீ.; வானொலி அலையின் வேகம் நொடிக்கு 3,00,000 கி.மீ. வகுத்துப் பார்த்தேன்: படம் வந்துசேர 1.28 நொடி, நம் கட்டளை சென்றடைய மீண்டும் 1.28 நொடி. அதற்குள் வண்டி பள்ளத்தில் விழுந்துவிடுமே! மிக மெதுவாக ஓட்டினாலன்றி அடக்க இயலாதெனக் கண்டார் ஆடம்ஸ்.

வண்டியே பார்த்து முடிவெடுத்தால்? திருத்தியமைக்கப்பட்ட அவ்வண்டியை, 1979இல் ஹான்ஸ் மொராவெக் என்னும் மாணவர் நாற்காலிகள் நிறைந்த அறையில் தானே வழிகண்டு செல்லவைத்தார். மீட்டருக்கொருமுறை நின்று, படமெடுத்து, கணிப்பொறி கணக்கிட்ட பின்னரே நகர்ந்ததால் ஏறத்தாழ 5 மணி நேரம் ஆயிற்று.

தொலைவை வேகத்தால் வகுக்கும் நம் பாடநூல் கணக்கே இவ்வாராய்ச்சிக்கு வித்தென்பேன்.