டீசல் எஞ்சினில் வளியோட்ட உணரி

மாணவர்களே! அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை ஊடாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியில், கொழுந்து ஏற்றிய பழைய லொறியொன்று கரும்புகை கக்கிக்கொண்டு செல்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே ஏற்றத்தில் புதிய டீசல் வாகனம் பெரும்பாலும் புகையின்றி ஏறிவிடுகிறது. இதற்கான முக்கிய காரணம் ஒன்றை இப்பாடத்திற் கற்போம்.

1. கரும்புகை ஏன் உண்டாகிறது?

டீசல் முற்றாகத் தகனமடைவதற்குப் போதிய ஒட்சிசன் வேண்டும். 1 கிலோகிராம் டீசலுக்கு ஏறத்தாழ 14.5 கிலோகிராம் வளி தேவை. வளி குறைந்தால் எரியாத காபன் துணிக்கைகள் வெளியேறும். நாம் காணும் கரும்புகை அதுவே.

கடல் மட்டத்தில் வளியமுக்கம் ஏறத்தாழ 101 கிலோபஸ்கால் ஆகும். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது ஏறத்தாழ 81 கிலோபஸ்கால் மாத்திரமே. வளியில் ஒட்சிசனின் வீதம் இரண்டு இடங்களிலும் 21% தான். குறைவது வளியின் அடர்த்தியாகும். இவ்வேறுபாட்டை நன்கு மனதிற் கொள்க.

2. கணித்துப் பார்ப்போம்

டர்போ இல்லாத, 2 லீற்றர் கொள்ளளவுள்ள நான்கு அடிப்பு எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 2000 முறை சுழல்கிறது எனக் கொள்வோம். இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை உருளைகள் முற்றாக வளியால் நிரம்புமாயின்,

ஒரு நிமிடத்தில் உறிஞ்சப்படும் வளி = 1000 × 2 லீற்றர் = 2 கன மீற்றர்

கொழும்பில் (30 பாகை செல்சியஸ்) 1 கன மீற்றர் வளியின் திணிவு ஏறத்தாழ 1.16 கிலோகிராம்.
எனவே வளி 2.32 கிலோகிராம். எரிக்கக்கூடிய டீசல் 160 கிராம்.

நுவரெலியாவில் (16 பாகை செல்சியஸ்) அது ஏறத்தாழ 0.98 கிலோகிராம்.
எனவே வளி 1.96 கிலோகிராம். எரிக்கக்கூடிய டீசல் 135 கிராம்.

கனவளவு மாறவில்லை, திணிவே மாறியது. கொழும்பில் செலுத்திய 160 கிராமையே இங்கும் செலுத்தினால் 25 கிராமுக்கு ஒட்சிசன் போதாது. பழைய பொறிமுறைப் பம்புகளில் பெரும்பாலானவை வளியை அளப்பதில்லை. ஆகவேதான் உயரத்தில் புகை கூடுகிறது. (நடைமுறையில் புகையைத் தவிர்க்க, இக்கணிப்பிலும் குறைவான டீசலே செலுத்தப்படும்.)

3. உணரி எவ்வாறு தொழிற்படுகிறது?

கராஜ்களில் 'எயார் ஃப்ளோ சென்சர்' எனப்படும் இவ்வுணரி, வளி வடிகட்டிக்கு அடுத்துள்ள குழாயிற் பொருத்தப்பட்டிருக்கும். அதனுள் மின்னால் சூடாக்கப்படும் மெல்லிய கம்பி அல்லது படலம் உண்டு. கடந்து செல்லும் வளி அதன் வெப்பத்தைக் கொண்டு செல்லும். வெப்பநிலையைக் குறையாமற் பேணுவதற்கு மேலதிக மின்னோட்டம் தேவை. வளியின் திணிவு கூடக்கூட மின்னோட்டமும் கூடும். இந்த அளவீடு சைகையாக 'ஈ.சீ.யு.' எனப்படும் இலத்திரனியல் கட்டுப்பாட்டு அலகுக்குச் செல்லும்.

சில எஞ்சின்களில் இவ்வுணரி இல்லை. அவற்றில் அமுக்கம், வெப்பநிலை ஆகியவற்றை அளந்து வளியின் திணிவு கணிக்கப்படும்.

4. ஈ.சீ.யு. என்ன செய்கிறது?

மாணவர் பலர் பிழைவிடும் இடம் இது. பெற்றோல் எஞ்சினில் முதலில் வளி அளக்கப்பட்டு, அதற்கேற்பப் பெற்றோல் செலுத்தப்படும். டீசல் எஞ்சினில் சாரதி அக்சிலேட்டரை மிதிக்கும் அளவுக்கேற்ப டீசலின் அளவு தீர்மானிக்கப்படும். வளியோட்ட உணரி அதற்கு எல்லை விதிக்கும்.

(அ) புகை எல்லை: உள்ள வளியில் எரிக்கக்கூடியதிலும் கூடுதலான டீசலைச் சாரதி கேட்டால், ஈ.சீ.யு. அதைக் குறைத்துவிடும்.

(ஆ) கழிவு வாயு மீள்சுழற்சி: நைதரசனின் ஒட்சைட்டுகளைக் குறைப்பதற்காகக் கழிவு வாயுவின் ஒரு பகுதி மீண்டும் எஞ்சினுக்குள் விடப்படும். அப்போது உட்செல்லும் புதிய வளி குறையும். அக்குறைவை உணரி காட்ட, ஈ.சீ.யு. வால்வைத் தேவையான அளவு திறக்கும்.

5. பழுதுகளை வேறுபடுத்துக

தோட்டத்து மண் வீதிகளில் தூசு அதிகம். வடிகட்டி பழுதாயின் தூசு உணரியிற் படியும். அப்போது அது உண்மையிலும் குறைவான வளியைக் காட்டலாம். ஈ.சீ.யு. டீசலைக் குறைக்க, ஏற்றத்தில் வலு குறையும், கரும்புகை இராது.

உணரிக்கும் எஞ்சினுக்கும் இடையே டர்போ குழாய் வெடித்திருந்தால் நிலைமை வேறு. அளக்கப்பட்ட வளியில் ஒரு பகுதி வெளியே கசியும். ஈ.சீ.யு. அதை அறியாமல் டீசலைச் செலுத்த, வலு குறைவதுடன் கரும்புகையும் வரும். இவ்வேறுபாட்டை அறியாதவர் நல்ல உணரியைக் கழற்றிவிட்டுப் புதியதற்கு வீணாகச் செலவிடுவார்.

பயிற்சி வினாக்கள்

1. வளியின் கனவளவை அளப்பது ஏன் போதாது?
2. ஹட்டன் ஏற்றத்தில் வாகனமொன்று வலுவிழக்கிறது. ஆனால் புகை இல்லை. உணரி தொடர்பான ஒரு காரணம் தருக.

விடைக்குறிப்பு

1. உயரத்துடனும் வெப்பநிலையுடனும் அடர்த்தி மாறுவதால், ஒரே கனவளவில் உள்ள ஒட்சிசனின் திணிவு மாறும். ('ஒட்சிசன் வீதம் குறையும்' என எழுதுவது பிழை.)
2. அழுக்கடைந்த உணரி குறைவான வளியைக் காட்டுவதால் ஈ.சீ.யு. டீசலை மட்டுப்படுத்துகிறது.