மலையேறி வீடு திரும்புவோர் கவனத்திற்கு



தைப்பூசம் வந்தால் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் வேன் பிடித்துப் பினாங்கு தண்ணீர்மலைக்கு வருவதுண்டு. இரவெல்லாம் கண்விழித்துக் காவடி பார்த்துவிட்டு, மறுநாளே வீடு திரும்புவார்கள். தாப்பா வரை நெடுஞ்சாலை, சிரமமில்லை. அதன் பிறகுதான் மலைப்பாதை. அங்கிருந்து தானா ராத்தா சுமார் 60 கிலோமீட்டர். ஏறவேண்டிய உயரம் சுமார் 1,400 மீட்டர். வழி நெடுக வளைவுகள்.

நம் தோட்டத்தில் உறவினர் வீட்டில் தங்கிச் செல்வோர், "புள்ளைங்க வாந்தி எடுத்தே ஓய்ஞ்சி போவுதுங்க, மாத்திரை குடுங்க டிரஸரய்யா" என்று கேட்டு வருவார்கள்.

இந்த வாந்தி ஏன் வருகிறது? வண்டி வளைவதைக் காதின் உள்ளே இருக்கும் உறுப்பு மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ முன்சீட்டின் முதுகைப் பார்த்து, ஆட்டமே இல்லை என்கிறது. இந்தக் குழப்பத்தால் தலை சுற்றுகிறது, வயிறு புரட்டுகிறது. ஆகவே பிள்ளைகள் கைத்தொலைபேசி பார்க்க வேண்டாம். தூரத்து மலையைப் பார்க்கட்டும். வயிறு முட்டச் சாப்பிடாமல் லேசாகப் பசியாறினால் போதும். காது அடைத்தால் எச்சில் விழுங்கச் சொல்லுங்கள். கைக்குழந்தை அழுதால் வண்டியை நிறுத்திப் பால் கொடுங்கள்.

மாத்திரையைப் புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். ஒருமுறை வேன் ஓட்டுநர் ஒருவர், பிள்ளைகளுக்குக் கொடுத்த மாத்திரையில் ஒன்றைத் தானும் விழுங்கிவிட்டு, "எனக்கும் தலை சுத்துது, அதான்" என்றார். அன்று அவரைப் போகவிடவில்லை. அந்த மாத்திரை தூக்கம் தரும். பல மணி நேரம் அந்த மயக்கம் இருக்கும். சில சளி, இருமல் மருந்துகளும் அப்படித்தான். ஏற்கெனவே இரவு விழித்தவர் அதையும் போட்டுக்கொண்டு மலைப்பாதையில் ஓட்டினால் என்ன ஆகும்?

2010 டிசம்பர் 20-ம் நாள் கேமரன் மலையிலிருந்து இறங்கிய சுற்றுலாப் பேருந்து ஒன்று கவிழ்ந்து 25-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மலைப்பாதையில் ஒரு வண்டி தவறினால் எத்தனை குடும்பங்கள் அழ நேரிடும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆகவே மனதில் வையுங்கள்:

1. ஓட்டுபவர் வாந்தி மாத்திரை போடக்கூடாது. முதல் நாள் இரவு அவர் மட்டுமாவது நன்றாகத் தூங்க வேண்டும்.

2. வழியில் கண் செருகினால் வண்டியை ஓரங்கட்டி 20 நிமிடம் தூங்கட்டும். காப்பி மட்டும் போதாது.

3. இறக்கத்தில் குறைந்த கியரில் வர வேண்டும். பிரேக்கையே மிதித்து வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும்.

4. பின்சீட்டிலும் பெல்ட் போடுங்கள். 2025 ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்து, சுற்றுலாப் பேருந்துப் பயணிகளுக்கும் இது சட்டம்.

"நாளைக்கு வேலைக்குப் போகணுமே" என்று அவசரப்படாதீர்கள். ஒரு நாள் சம்பளத்தைப் பிறகு சம்பாதித்துக் கொள்ளலாம். போன உயிரைச் சம்பாதிக்க முடியாது.