பிறையும் பருவமும்

காலமறிந்து விதைத்தலே உழவின் முதற்பாடமாகும். நிலமும் நீரும் விதையும் நன்கு அமைந்தும், காலம் தவறினால் விளைச்சல் குன்றும். ஆயின், அக்காலத்தை நமக்குக் காட்டுவது எது? கதிரவனா, மழையா, நிலவா? இதனை ஈண்டு ஆராய்வோம்.

பருவத்தின் ஆட்சி

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது தமிழகத்து உழவர் பழமொழி. ஆடி மாதத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை காவிரியைப் பெருகச் செய்கிறது. அதனைத் தொடர்ந்து வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. ஆகவே, அப்போது விதைத்த பயிர் நீர் பெற்று வளர்கிறது. எனினும், அப்பழமொழியை அப்படியே மலேசிய மண்ணுக்குக் கொண்டுவருதல் பொருந்தாது. இங்குக் கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகிய கிழக்குக்கரை மாநிலங்களுக்கு நவம்பர் முதல் மார்ச்சு வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றே பெருமழையைத் தருகிறது. எனவே, மாதத்தின் பெயரை மட்டுமன்றி, அதன் காரணத்தையும் நாம் கற்றல் வேண்டும்.

இரப்பர்த் தோட்டத்தில் உழைத்தோர் இவ்வுண்மையை நன்கறிவர். ஆண்டின் தொடக்கத்தில் வரும் வறண்ட நாள்களில் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்விடும்; அக்காலத்தில் பால் குறையும். பொழுது புலருமுன் மரம் சீவுவதற்கும் காரணமுண்டு. இரவில் இலைகளிலிருந்து நீர் மிகுதியாக ஆவியாவதில்லை. ஆதலின், விடியலில் பட்டையிலுள்ள பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்து பால் நன்கு வடியும். வெயில் ஏற ஏற அவ்வழுத்தம் தணியும். அனுபவம் முன்னே கண்டதற்கு அறிவியல் பின்னே காரணம் கூறியது.

நிலவின் கணக்கு

ஓர் அமாவாசை முதல் மறு அமாவாசை வரை ஏறத்தாழ 29½ நாள்கள். மண்ணுக்குமேல் காய்ப்பவற்றை வளர்பிறையிலும், கிழங்குகளைத் தேய்பிறையிலும் நடவேண்டும் என்னும் நம்பிக்கை பல நாடுகளில் உண்டு.

1924ஆம் ஆண்டில் ருடால்ஃப் ஸ்டைனர் என்பார், அந்நாளில் ஜெர்மனியிலும் இந்நாளில் போலந்திலும் அடங்கிய கோபர்விட்ஸ் என்னும் ஊரில் உழவு குறித்து எட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவற்றிலிருந்து தோன்றியதே உயிராற்றல் வேளாண்மை. பசுவின் கொம்பில் சாணத்தை நிரப்பிக் குளிர்காலம் முழுவதும் மண்ணில் புதைத்து, பின் நீரில் கலக்கித் தெளிப்பது அதன் முறைகளுள் ஒன்று. பிற்காலத்தில் மரியா தூன் என்னும் ஜெர்மானியப் பெண்மணி, நிலவு நிற்கும் இராசியைக் கொண்டு வேர்நாள், இலைநாள், பூநாள், கனிநாள் எனப் பஞ்சாங்கம் போன்றதொரு நாட்காட்டி வகுத்தார்.

உண்மை யாது?

நிலவு கடலில் ஏற்றவற்றத்தை உண்டாக்குகிறது. ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் பவளங்கள் பெரும்பாலும் முழுநிலவை அடுத்த சில இரவுகளில் முட்டைகளை வெளியிடுகின்றன. ஆனால், முழுநிலவின் ஒளி கதிரவன் ஒளியில் ஏறத்தாழ நான்கு இலட்சத்தில் ஒரு பங்கே. பிறை பார்த்து விதைப்பதால் விளைச்சல் பெருகும் என்பது ஆய்வுகளில் இதுவரை உறுதிப்படவில்லை.

சுவிட்சர்லாந்தில் 1978இல் ஓர் ஒப்பீட்டு ஆய்வு தொடங்கப்பெற்றது. அதன் முதல் 21 ஆண்டு முடிவுகளின்படி, உயிராற்றல் முறையிலும், நிலவைப் பாராத இயற்கை முறையிலும் விளைச்சல் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. ஆனால் மண்ணிலுள்ள உயிர்கள் பெருகி, மண்வளம் சிறந்தது. இருமுறைகளும் சாணத்தையும் மட்கிய எருவையும் போற்றுவன என்பது இங்கு எண்ணத்தக்கது.

நாமே சோதிப்போம்

முன்னோர் சொல்லை எள்ளுதலும் தவறு. ஆராயாது ஏற்றலும் தவறு. மழை பெய்து மண் பதமாயிருக்க, பிறைக்காகக் காத்திருந்து பதத்தை இழப்பவர்க்கு இழப்பே மிஞ்சும்.

மாணவர்களே! வீட்டுக்கொல்லையில் வளர்பிறையில் இருபது வெண்டை விதைகளையும், தேய்பிறையில் இருபது விதைகளையும் ஊன்றுங்கள். ஒரே விதை, ஒரே எரு, ஒரே அளவு நீர் எனக் கொள்ளுங்கள். முளைத்தவை எத்தனை, காய்த்தவை எத்தனை எனக் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரு மாதத்து மழை மறுமாதத்தில் பெய்யாது. ஆதலால் பலமுறை செய்தாலன்றி முடிவு கூறாதீர்கள். பெற்றோரும் உடனிருந்து தம் பட்டறிவை எடுத்துரைப்பாராக. கேட்டதைச் சோதித்து, கண்டதைக் கணக்கிட்டு, பருவத்தைப் போற்றிப் பயிர் வளர்ப்போமாக!