சின்னக் குழுவுக்கு எந்த டிஜிட்டல் மிக்ஸர்?

புனேயில் சிறு இசைக்குழுக்களுக்கு மேடைக்குப் பஞ்சமில்லை. கோரேகாவ் பார்க், பானேர் பக்கத்துக் கஃபேக்கள், வாகட்டிலும் பிம்ப்ளே சௌதாகரிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கிளப் ஹவுஸ், ஹிஞ்சவடி ஐ.டி. நிறுவனங்களின் ஆண்டு விழா, ராஸ்தா பேட், கட்கி வட்டாரத் தமிழர்களின் பொங்கல் விழா, இவை எல்லாவற்றுக்கும் மேலாகக் கணபதியின் பத்து நாட்கள். தமிழ், மராத்தி, இந்தி என்று மூன்று மொழிப் பாட்டையும் வாசிக்கும் ஆறேழு பேர் குழு ஒன்று கொஞ்சம் ஓட ஆரம்பித்ததும் வாடகை மிக்ஸர் அலுத்துவிடும். ஒவ்வொரு நாளும் வேறு மிக்ஸர், வேறு ஆள், தபலாவின் சத்தத்தை மறுபடி ஆரம்பத்திலிருந்து தேட வேண்டும். சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

வாங்கக்கூடிய விலையில் டிஜிட்டல் மிக்ஸர் என்பதே 1994-இல் யமஹா கொண்டுவந்த புரோமிக்ஸ் 01-க்குப் பிறகுதான் நடைமுறைக்கு வந்தது. இன்று ஒரு லட்ச ரூபாய்க்குள் பதினாறு மைக் போடக்கூடிய மிக்ஸர் கிடைக்கிறது. ஒவ்வொரு சேனலிலும் ஈக்யூ, கம்ப்ரஸர், கேட் எல்லாம் உள்ளேயே இருக்கும். தனியாக எஃபெக்ட் பெட்டி தூக்க வேண்டாம். ஆனால் கடையில் நிற்கும்போது எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: எத்தனை சேனல்? சின்னக் குழுவின் மேடையில் பிரச்சினை வருவது பெரும்பாலும் உள்ளே வரும் லைன்களில் அல்ல, வெளியே போகும் லைன்களில். அதனால் கடைக்குப் போகும் முன் வீட்டில் உட்கார்ந்து இரண்டு பட்டியல் போடுங்கள்.

முதல் பட்டியல்: உள்ளே வருவது

இது சுலபம். மேடையில் இருப்பவர்களை இடமிருந்து வலமாக எழுதிக்கொண்டே போகலாம். டிரம்ஸுக்குக் கிக், ஸ்நேர், மேலே ஒரு ஓவர்ஹெட் என மூன்று மைக். பேஸ் கிடார் ஒன்று, கிடார் ஒன்று. கீபோர்டு ஸ்டீரியோ என்பதால் இரண்டு. தபலாவுக்கு இரண்டு, டோல்கிக்கு ஒன்று. பாடுபவர்கள் மூன்று பேர், தொகுப்பாளருக்கு ஒன்று. இதுவரை பதினான்கு. லேப்டாப்பிலிருந்து டிராக் ஓட்டினால் இன்னும் இரண்டு. மொத்தம் பதினாறு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண் மைக் எண்ணிக்கை அல்ல. டேப்லெட்டால் ஓட்டும் பெரிங்கர் எக்ஸ்ஆர்16-இல் மைக் போடக்கூடியவை எட்டுதான், மீதி எட்டும் லைன் இன்புட். எக்ஸ்ஆர்12-இல் மைக் நான்குதான். எக்ஸ்ஆர்18-இல் பதினாறு மைக் இன்புட்டும், அவற்றுக்கு மேல் இரண்டு லைன் இன்புட்டும் உண்டு. நம் பட்டியலின்படி லேப்டாப் அந்த இரண்டு லைனில் போய்விடும். மைக் பக்கம் இரண்டு இடம் மிஞ்சும். கடைசி நிமிடத்தில் யாராவது புல்லாங்குழலோடு வந்து நிற்பார்கள் என்பதால் அந்த இரண்டு இடம் எப்போதும் மிஞ்ச வேண்டும்.

இரண்டாவது பட்டியல்: வெளியே போவது

இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். மக்களுக்குப் போகும் மெயின் ஸ்பீக்கர் இரண்டைத் தவிர, மேடையில் இருப்பவர்கள் தங்களைத் தாங்களே கேட்பதற்கான மானிட்டர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆக்ஸ், அதாவது தனிக் கலவையோடு வெளியே போகும் ஒரு லைன், வேண்டும். பாடகர்களுக்கு ஒரு கலவை. அதில் அவர்கள் குரலும் கீபோர்டும் தூக்கலாக இருக்க வேண்டும். டிரம்மருக்கு பேஸும் டிராக்கும். தபலாக்காரருக்குத் தபலாவும் குரலும், டிரம்ஸ் அறவே வேண்டாம். கீபோர்டுக்காரருக்கு இன்னொன்று. ஆக நான்கு. சப்வூஃபருக்குத் தனி ஆக்ஸ் கொடுப்பதாக இருந்தால் ஐந்து. யாராவது ஸ்டீரியோ இன்-இயர் கேட்டால், அந்த ஒருவருக்கே இரண்டு ஆக்ஸ் போய்விடும்.

எக்ஸ்ஆர்18-இல் ஆக்ஸ் ஆறு. எக்ஸ்ஆர்16-இல் நான்கு. எக்ஸ்ஆர்12-இல் இரண்டே இரண்டு. சவுண்ட்கிராஃப்ட் யூஐ24ஆர்-இல் எட்டு. எக்ஸ்ஆர்16 வாங்கிவிட்டுத் தபலாக்காரரையும் டிரம்மரையும் ஒரே மானிட்டரில் போடும் குழு ஒரு பாட்டுக்கூட நிம்மதியாக வாசிக்க முடியாது. தன் கை தனக்குக் கேட்காத தபலாக்காரர் ஓங்கி அடிப்பார்; டிரம்மர் அதைவிட ஓங்கி அடிப்பார்; பாடகர் மானிட்டரை ஏற்றச் சொல்வார்; பிறகு ஊளைதான். பீம்சேன் ஜோஷி 1953-இல் தொடங்கிய சவாய் கந்தர்வ விழாவைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த ஊர் இது. தபலாவின் பாயாவில் கும்கி சரியாக விழவில்லை என்றால் முன்வரிசைப் பெரியவர் முகம் சுளிப்பார். தபலாவுக்குத் தனி மானிட்டர் கொடுங்கள்.

ஒவ்வொரு ஆக்ஸுக்கும் தனி ஈக்யூ இருக்கிறதா என்றும் பாருங்கள். மேலே சொன்ன எக்ஸ்ஆர் வரிசையில் ஒவ்வொரு ஆக்ஸுக்கும் 31 பட்டை கிராஃபிக் ஈக்யூ உண்டு. அதன் பயன் சவுண்ட் செக்கில் தெரியும். டேப்லெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பாடகரின் மானிட்டருக்கு எதிரே போய் நில்லுங்கள். மைக்கைத் திறந்து, அந்த ஆக்ஸை மெல்ல ஏற்றுங்கள். ஒரு கட்டத்தில் மைக் ‘ஊ’ என்று இழுக்க ஆரம்பிக்கும். திரையில் ஏதோ ஒரு பட்டை மட்டும் எழும்பி நிற்கும். அந்தப் பட்டையை மூன்று நான்கு டெசிபல் இறக்குங்கள். மறுபடி ஏற்றுங்கள். அடுத்தது வேறு இடத்தில் கத்தும், அதையும் இறக்குங்கள். மூன்று நான்கு இடத்தோடு நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் வெட்டினால் குரலே உயிரில்லாமல் போகும். அப்போது மானிட்டரை நகர்த்துவதுதான் வழி. மேடையில் நின்றபடி இதைச் செய்ய முடிவதே டேப்லெட் மிக்ஸரின் பெரிய வரம்.

ஃபேடரா, திரையா?

அடுத்த கேள்வி, மிக்ஸரை ஓட்டப்போவது யார் என்பது. குழுவில் வாசிப்பவரே ஓட்டுவதாக இருந்தால் மேடையிலேயே வைக்கும் ரேக் மிக்ஸரும் ஒரு டேப்லெட்டும் போதும். மல்டிகோர் கேபிளைக் கூட்டத்துக்கு நடுவே இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. சவுண்டுக்கென்று தனி ஆள் எப்போதும் வருவார் என்றால் ஃபேடர் இருக்கும் கன்சோல்தான் நல்லது. இரண்டு பாடகர்களை ஒரே நேரத்தில் இரண்டு விரலால் ஏற்றி இறக்குவது கண்ணாடித் திரையில் அவ்வளவு எளிதாக வராது.

ஃபேடர் வேண்டும் என்பவர்களுக்கு 2012-இல் வந்த பெரிங்கர் எக்ஸ்32 குடும்பம் இன்னும் நல்ல தேர்வு. பெரியதில் 32 மைக் இன்புட், 16 அவுட்புட். அதே குடும்பத்தின் புரொட்யூசர், காம்பாக்ட் இரண்டிலும் மைக் இன்புட் 16. புதிதாக வாங்கினால் பட்ஜெட் லட்சத்தைத் தாண்டும். ஆனால் இதை ஓட்டத் தெரிந்த ஆள் எங்கும் கிடைப்பார்; உங்கள் ஆள் காய்ச்சலில் படுத்தால் இன்னொருவரைக் கூப்பிடலாம். இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும் என்றால் ஆலன் அண்ட் ஹீத் 2023-இல் கொண்டுவந்த சிக்யூ-18டி. ஏழு அங்குலத் தொடுதிரை பெட்டியிலேயே இருக்கிறது. மைக் அளவைத் தானே சரிசெய்யும் வசதியும், ஊளையைத் தானே பிடிக்கும் வசதியும் உண்டு. சவுண்ட் கற்றுக்கொள்ளாத குழுவுக்கு இது உண்மையிலேயே உதவும்.

சாம்பிள் ரேட் 96 கிலோஹெர்ட்ஸா, 48 கிலோஹெர்ட்ஸா என்ற வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். கிளப் ஹவுஸில் அது யார் காதுக்கும் எட்டாது.

வைஃபை

டேப்லெட் மிக்ஸர் வாங்கியவர்கள் புலம்புவது பெரும்பாலும் இதைப் பற்றித்தான். எக்ஸ்ஆர்18-க்குள் இருக்கும் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்யும். மாலை நான்கு மணிக்கு, காலியான ஹாலில், எல்லாம் சரியாக இருக்கும். ஏழு மணிக்கு இருநூறு பேர் இருநூறு ஃபோனோடு உள்ளே வந்ததும் டேப்லெட் தொடர்பு அறுந்துபோகும். சத்தம் நிற்காது, மிக்ஸர் கடைசியாக இருந்த நிலையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் பாடகரின் மைக் ஊளையிட்டால் நீங்கள் வேடிக்கைதான் பார்க்க முடியும்.

தனியாக ஒரு டூயல் பேண்ட் ரௌட்டர் வாங்கி, மிக்ஸரின் ஈதர்நெட் துளையில் செருகி, டேப்லெட்டை 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். ரௌட்டரை ரேக்குக்குள் புதைக்காமல் ஒரு ஸ்டாண்டில் ஆள் உயரத்துக்கு மேல் கட்டுங்கள். கடவுச்சொல் போடுங்கள். கூடவே ஒரு பழைய லேப்டாப்பை ஈதர்நெட் கேபிளில் ரௌட்டரோடு இணைத்து வையுங்கள். யூஐ24ஆர் எந்தச் செயலியும் இல்லாமல் பிரவுசரிலேயே இயங்கும் என்பதால், டேப்லெட் படுத்தால் யாருடைய ஃபோனையும் வாங்கி ஓட்டலாம்.

ஒரே ஒரு டேப்லெட் மாடலை நம்பியிருக்கும் மிக்ஸரைத் தவிர்த்துவிடுங்கள். 2012-இல் வந்த மேக்கி டிஎல்1608-இல் ஐபேடைப் பெட்டிக்குள்ளேயே செருகும்படி அமைத்திருந்தார்கள். அதே ஆண்டில் ஆப்பிள் அந்தச் செருகு முனையையே மாற்றிவிட்டது. மிக்ஸர் பத்து வருடம் உழைக்கும், டேப்லெட் அவ்வளவு நாள் வராது.

மின்சாரம்

அனலாக் மிக்ஸருக்கு ஒரு நொடி மின்சாரம் போய் வந்தால் சத்தமும் போய் வரும், அவ்வளவுதான். டிஜிட்டல் மிக்ஸர் அணைந்து மறுபடி கண்விழிக்க வேண்டும். ரௌட்டர் அதைவிட நேரம் எடுக்கும். பந்தலில் ஜெனரேட்டருக்கு மாற்றும் அந்த இடைவெளி நடுப்பாட்டில் வந்தால் கதை முடிந்தது. கணினிக்குப் போடும் சிறிய யூபிஎஸ் ஒன்று ரேக் மிக்ஸரையும் ரௌட்டரையும் தாங்கும். ஆம்ப்ளிஃபையரை மட்டும் அதில் செருகிவிடாதீர்கள்.

பத்து மணி

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களுக்கு மாநில அரசு நள்ளிரவு வரை அனுமதி கொடுக்கலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் போகாமல். குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல். ஒலிபெருக்கி வைத்த பொது இடத்தின் எல்லையில் அதற்கு மேல் 10 டெசிபல் வரைதான் போகலாம். பத்து மணிக்கு நிறுத்தியே ஆக வேண்டிய ஊரில் சவுண்ட் செக்குக்கு ஒரு மணி நேரம் யாரும் தரமாட்டார்கள். சீன் சேமிக்கும் வசதி அங்கேதான் கை கொடுக்கிறது. ஒத்திகையிலேயே உங்கள் குழுவின் அமைப்பைச் சேமித்துவிட்டால், மேடையில் மானிட்டரையும் மெயினையும் மட்டும் இடத்துக்கு ஏற்பத் திருத்தினால் போதும். மெயினில் ஒரு லிமிட்டரும் போட்டு வையுங்கள்.

வாங்கும்போது

கணபதி விழா நெருங்கும் வாரங்களில் போகாதீர்கள்; உங்களோடு உட்கார்ந்து காட்டக் கடைக்காரருக்கு நேரம் இருக்காது. விழா முடிந்த பிறகு, நீங்கள் நினைத்திருக்கும் அதே மாடலை ஒரு நிகழ்ச்சிக்கு வாடகைக்கு எடுத்து, உங்கள் ஆளே முழுக்க ஓட்டிப் பார்க்கட்டும். பழையது வாங்கினால் ஒரே மைக்கை ஒவ்வொரு சேனலிலும் செருகிப் பேசிப் பாருங்கள். 48 வோல்ட் ஃபாண்டம் எல்லாவற்றிலும் வருகிறதா என்று கண்டென்சர் மைக் ஒன்றால் சோதியுங்கள். ஒவ்வொரு அவுட்புட்டிலும் ஸ்பீக்கரை மாட்டுங்கள். ஃபேடர் மோட்டார்கள் எல்லாம் மேலும் கீழும் தடங்கலில்லாமல் ஓடுகின்றனவா என்று சீன் மாற்றிப் பாருங்கள். அரைமணி நேரம் சூடாகவிட்டு மறுபடி ஒருமுறை எல்லாவற்றையும் பாருங்கள். புதியது என்றால் சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம். பில் இல்லாத இறக்குமதிச் சரக்குக்கு வாரண்டி எதிர்பார்க்க முடியாது.

வாசிப்பவரே ஓட்டும் குழுவுக்கு என் தேர்வு எக்ஸ்ஆர்18. ரௌட்டர், யூபிஎஸ், இரண்டு டி.ஐ. பெட்டி, புத்வார் பேட்டின் தப்கீர் கல்லியில் வாங்க வேண்டிய கேபிள், கனெக்டர் இவற்றுக்கான பணத்தை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். மிக்ஸர் விலையை மீதியிலிருந்து பேசுங்கள்.