உறைய வைத்த கரு: இருவரும் பேசி முடிவெடுங்கள்



நகை நட்டை அடகு வைத்து, டவுன் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்து ஒரு குழந்தையைப் பெற்றெடுத்தீர்கள். மகிழ்ச்சி. அந்தச் சிகிச்சையில் உருவான கருக்களில் ஒன்றிரண்டைத்தான் கருப்பையில் வைத்தார்கள். மீதி? பைலைப் புரட்டிப் பாருங்கள். உறைய வைத்திருந்தால் அதில் எழுதியிருக்கும்.

கரு என்றதும் கை கால் முளைத்த சிசு என்று எண்ண வேண்டாம். மூன்று அல்லது ஐந்து நாள் வளர்ந்த நுண்ணிய உயிரணுத் திரள் அது. திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில் வளராமல், கெடாமல் இருக்கும். 1978-இல் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் பிறந்த பெண் குழந்தையே 53 நாள் உறைந்திருந்த கருவில் வந்தவள்தான். ஆனால் உறைய வைத்த ஒவ்வொரு கருவும் குழந்தையாகும் என்று சொல்ல முடியாது.

2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி கருவை 10 ஆண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அதற்குள் அடுத்த குழந்தைக்குப் பயன்படுத்தலாம். மனைவிக்கு 50, கணவருக்கு 55 வயது தாண்டக் கூடாது. வேண்டாமென்றால் அழிய விடலாம், அல்லது சம்மதம் எழுதிக் கொடுத்துப் பதிவு பெற்ற ஆராய்ச்சி நிலையத்துக்குத் தரலாம். விற்பது குற்றம். "தங்கச்சிக்குக் குடுத்துடலாமே" என்று நீங்களாகக் கைமாற்றவும் முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி நாலு வருடம் வாடகை கட்டினார்கள். வாய் திறந்து பேசவில்லை. "அவ அழுவாளேன்னு கேக்கலைங்க" என்றார் கணவர். "அவரு மனசு நோகுமேன்னு நானும் விட்டுட்டேன்" என்றாள் மனைவி. இருவருக்குமே இன்னொரு பிள்ளை ஆசை இருந்தது! கருவுக்கு வயசாகாது, தாய்க்கு ஆகிறதே. இதற்குள் அந்த அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு வந்துவிட்டது.

அழிய விடுவது பாவமா என்று கேட்கிறார்கள். இது கருக்கலைப்பு அல்ல. ஆனாலும் மனசு கனக்கும், அது இயல்புதான். அழுகை வந்தால் அழுங்கள், அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். மாமியார் யோசனை சொல்லலாம், கையெழுத்து உங்கள் இருவருடையது.

படிவத்தில் ஒருவர் இறந்தால் கருவை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கும். அபசகுனம் என்று படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். எழுதிய பின் மனம் மாறினால், கருவைக் கருப்பையில் வைக்கும் முன்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.

அடுத்த வாடகை கட்டும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒரு நாள் பைலோடு இருவரும் சேர்ந்தே போய் ஆலோசகரைப் பாருங்கள்.