பெருநாளுக்கும் நத்தாருக்கும் குடும்பப் படத்துடன் வாழ்த்து அட்டை: கையைக் கடிக்காமல் இணையத்தில் செய்விப்பது எப்படி?

வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. கிணறு இறைத்தாயிற்று. பெருநாளோ நத்தாரோ நெருங்குகிறது. புத்தளத்தில் விட்டு வந்த அயலவர்களுக்கும், கொழும்பிலும் கட்டாரிலும் இருக்கும் பிள்ளைகளுக்கும், தமிழ்நாட்டில் தங்கிவிட்ட உறவினர்களுக்கும் என்ன அனுப்பலாம் என்று பல வீடுகளில் யோசிக்கிறார்கள். புதிய வீட்டின் முன் நின்று எடுத்த குடும்பப் படத்தை வாழ்த்து அட்டையாக அச்சிட்டு அனுப்ப விரும்புவதாகச் சிலாவத்துறையிலும் கொண்டச்சியிலும் எங்களிடம் சொன்னவர்கள் உண்டு. கூடவே அவர்கள் கேட்டது: "பேஸ்புக்கில் விளம்பரம் வருகிறது, நம்பிக் காசு கட்டலாமா?"

கட்டலாம். ஆனால் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. இந்தப் பாடம் அவற்றைப் பற்றியது.

சாப்பாட்டுக்கும் சீமெந்துக்கும் கணக்குப் பார்க்கும் நேரத்தில் அட்டை எதற்கு என்று நினைக்கலாம். 1990 ஒக்டோபர் கடைசியில் முசலியின் முஸ்லிம் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டபோதும், 2007 செப்டெம்பரில் முள்ளிக்குளம் மக்கள் ஊரை விட்டுப் போனபோதும், அல்பத்தைத் தூக்கிக்கொண்டு போக எத்தனை பேருக்கு முடிந்தது? நாங்கள் சந்தித்த ஓர் உம்மாவிடம் தன் கல்யாணப் படம் ஒன்று இருக்கிறது. அதுகூட அவருடைய வீட்டில் தப்பியதல்ல. வெளிநாட்டில் வேலைக்குப் போயிருந்த சாச்சாவுக்கு முன்னொரு காலத்தில் கடிதத்துடன் அனுப்பிய பிரதி, பல வருடங்களுக்குப் பிறகு திரும்பி வந்தது. பத்து வீட்டுக்கு அனுப்பும் படம் பத்து இடத்தில் பத்திரமாக இருக்கும். ஆகவே இதை வெறும் ஆடம்பரம் என்று நாங்கள் நினைக்கவில்லை. செலவை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண்ணிக்கை

ஆட்களை எண்ண வேண்டாம், வீடுகளை எண்ணுங்கள். ஒரு வீட்டுக்கு ஓர் அட்டை. முப்பது பெயர் எழுதினால் பெரும்பாலும் பதினைந்து, பதினெட்டு வீடுகளே வரும். அதனுடன் இரண்டைக் கூட்டுங்கள்: ஒன்று உங்கள் வீட்டுக்கு, ஒன்று மறந்துபோன யாருக்காவது.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் விலை பார்க்க வேண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது ஓர் அட்டையின் விலையை மட்டுமே. வடிவமைப்புக் கட்டணம், கடித உறை, கூரியர் எல்லாம் பின்னால் வரும். ஓர் உதாரணக் கணக்கு (விலைகள் விளக்கத்துக்காக மட்டுமே): ஒருவர் அட்டைக்கு 90 ரூபா கேட்கிறார், 20 அட்டைக்கு 1,800. வடிவமைப்புக்கு 300, கூரியருக்கு 450. மொத்தம் 2,550. அப்படியானால் ஓர் அட்டை 127 ரூபா 50 சதம். இன்னொருவர் 110 ரூபா கேட்கிறார், எல்லாச் செலவும் உட்பட. அவரிடம் 2,200 ரூபாவுடன் முடிகிறது. 90 ரூபாக்காரர்தான் விலை கூடியவர். "என் கைக்கு வந்து சேரும்வரை மொத்தம் எவ்வளவு?" என்ற ஒரு கேள்வியை எல்லாரிடமும் கேட்டு, வரும் பதிலை உங்கள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். குறைந்தது ஐம்பது எடுக்க வேண்டும் என்பவரிடம், இருபது வேண்டியவர் போவதில் பயனில்லை. பக்கத்து வீட்டாரும் செய்விப்பதாக இருந்தால் இரண்டு குடும்பத்தின் அட்டைகளையும் ஒரே பொதியில் அனுப்பச் சொல்லுங்கள், கூரியர் செலவு பாதியாகும்.

வெளிநாட்டு இணையத்தளங்களில் அழகான மாதிரிகள் இருக்கின்றன. ஆனால் டொலரில் விலை, கடல் கடந்த அனுப்புக் கட்டணம், சுங்கம், தாமதம் எல்லாம் சேரும்போது நமக்குக் கட்டுப்படியாகாது. பனி கொட்டும் பின்னணியும் ஊசியிலை மரமும் முசலி வெயிலில் எடுத்த படத்துக்குப் பொருந்தவும் மாட்டா.

எந்த அட்டை?

மிகவும் மலிவானது மடிப்பில்லாத ஒற்றை அட்டை. 4×6 அங்குலம், ஸ்டூடியோக்காரர்கள் 4ஆர் என்று சொல்லும் அளவு. மடிப்பு அட்டைக்கு அச்சு இரட்டிப்பு, உறையும் பெரிது. பொன் நிற எழுத்து, வெட்டு ஓரம், ரிப்பன் இவற்றுக்கெல்லாம் தனித்தனிக் காசு. அவற்றை விட்டுவிட்டுத் தடிப்பான தாளுக்குக் காசைக் கொடுங்கள். சாதாரண போட்டோக்கொப்பித் தாள் 80 ஜிஎஸ்எம், அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் அளவில் கேட்க வேண்டும். ஒரு பக்கம் படம், மறுபக்கம் ஒன்றும் அச்சிடாமல் வெறுமையாக, பளபளப்பில்லாமல் இருக்கட்டும். பளபளப்பான பக்கத்தில் பேனா எழுதாது. நமது கடற்கரை ஈரத்தில் பளபளப்பான படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் செய்யும்.

பெருநாள் அட்டையில் தேதியை அச்சிடாதீர்கள். பிறை பார்த்த பின்தான் நாள் உறுதியாகும், அட்டையோ அதற்கு மூன்று வாரம் முந்தியே அச்சுக்குப் போக வேண்டும். ஆண்டை மட்டும் போடுங்கள். இரண்டு பெருநாட்களும் ஒவ்வொரு வருடமும் பத்து, பதினொரு நாள் முன்னால் நகர்வதால், போன வருடம் ஓடர் கொடுத்த தேதியை இந்த வருடம் நம்ப முடியாது. நத்தாருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் டிசம்பரில் அச்சகங்களும் கூரியர்களும் நெரிசலாக இருக்கும், மழையும் சேரும். நவம்பர் கடைசிக்குள் ஓடர் கொடுத்துவிடுவது நல்லது.

(1843இல் இலண்டனில் ஹென்றி கோல் என்பவர் அச்சிடுவித்ததே முதலாவது நத்தார் வாழ்த்து அட்டையாகக் கருதப்படுகிறது. அதன் நடுவில் இருந்தது ஒரு குடும்பம் மேசையைச் சுற்றி இருக்கும் படம். விலை ஒரு ஷில்லிங். அந்தக் காலத் தொழிலாளிக்கு அது எட்டாத விலை. அட்டை விலை பற்றிய முறைப்பாடு பழையதுதான்.)

படம் எடுக்கும்போது

காலை ஏழு மணி அளவில், அல்லது மாலை ஐந்துக்குப் பிறகு எடுங்கள். உச்சி வெயிலில் கண் சுருங்கும், முகத்தில் நிழல் விழும். தொலைபேசியைப் பக்கவாட்டில் பிடியுங்கள். ஓரத்தில் நிற்பவருக்குப் பக்கத்தில் இன்னும் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விடுங்கள், தலைக்கு மேலும் கொஞ்சம் விடுங்கள். காரணம் இருக்கிறது. தொலைபேசிப் படம் பெரும்பாலும் 4க்கு 3 என்ற வடிவம், அட்டை 3க்கு 2. அச்சிடும்போது படத்தின் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். வெட்டுப்படுவது அநேகமாக முன்வரிசைப் பிள்ளைகளின் கால்களோ பின்வரிசையில் நிற்கும் மருமகனின் தலையோதான்.

நல்ல பின்னணி தேடி வெகுதூரம் போக வேண்டாம். அரிப்பில் கடலைப் பார்த்து நிற்கும் இடிந்த மாளிகையில் படம் எடுக்கப் பலருக்கு ஆசை. முத்துக்குளிப்பைப் பார்வையிட ஆங்கிலேய ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1800களின் தொடக்கத்தில் கட்டுவித்தது, நம் ஆட்கள் அல்லிராணிக் கோட்டை என்பார்கள். அது நிற்கும் மண்மேட்டைக் கடல் அரித்துக்கொண்டே இருக்கிறது. விளிம்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோகாதீர்கள். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்படாத காட்டுக்குள்ளும் பற்றைக்குள்ளும், மரம் எவ்வளவு அழகாக இருந்தாலும், இறங்க வேண்டாம். உங்கள் வாசல்படி போதும். உறவினர்கள் பார்க்க ஆசைப்படுவதும் அதைத்தான்.

தங்கள் முகம் அறியாத அச்சகக்காரரின் கணினிக்குப் போவதை வீட்டுப் பெண்கள் சிலர் விரும்பமாட்டார்கள். அவர்கள் விருப்பத்தைக் கேட்டுச் செய்யுங்கள். வீட்டின் படம், கிணற்றடி, பிள்ளைகள் நட்ட மரம் என்று ஆட்கள் இல்லாத அட்டையும் அழகாகத்தான் இருக்கும்.

வராதவர்களின் படம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். இறந்த வாப்பாவையோ அம்மம்மாவையோ அட்டையில் சேர்க்க வேண்டும் என்று குடும்பங்கள் கேட்கின்றன. பல வீடுகளில் அவர்களின் ஒரே படம் பழைய அடையாள அட்டையில் இருப்பதுதான். அதை வெளியில், நிழலில் வைத்து, நேர் மேலிருந்து படம் எடுங்கள். முகப்பகுதியை மட்டும் வெட்டிக்கொண்டு அனுப்புங்கள். இலக்கமும் பிறந்த தேதியும் தெரியும் முழு அட்டையின் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். வீட்டில் சட்டம் போட்ட படம் இருந்தால் இன்னும் இலகு: வயதில் மூத்தவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் இருக்கட்டும், கண்ணாடி மினுங்காதபடி சற்றுக் கீழே சாய்த்துப் பிடிக்க வேண்டும்.

காணாமல் போனவர்களின் விடயம் வேறு. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகள் பலவற்றில் தனிப் படத்தைச் சுற்றிப் பூ வளையம் தானாகவே விழும். வடிவமைப்பவருக்கு அது வெறும் அலங்காரம். மகன் வருவான் என்று காத்திருக்கும் தாய்க்கு அது அப்படி அல்ல. காணாமல் போனவரின் படத்தைச் சேர்ப்பதா, எந்த இடத்தில் வைப்பது, பெயருக்கு முன்னால் ஏதாவது போடுவதா என்பதைத் தாயிடமோ மனைவியிடமோ முதலில் கேளுங்கள். பூவோ, விளக்கோ, கறுப்புக் கரையோ வேண்டாம் என்று அச்சகத்துக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

ஓடர் கொடுக்கும்போது

படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். டாக்கியூமென்ட் என்ற வழியில் அனுப்பினால் சுருங்காமல் போகும். 4×6 அங்குல அட்டைக்கு 1,800க்கு 1,200 புள்ளிகள் இருந்தால் தெளிவாக அச்சாகும். இன்றைய சாதாரணத் தொலைபேசிகளும் இதைவிடக் கூடுதலாகவே எடுக்கின்றன. வேறொருவர் அனுப்பி, அதை இன்னொருவர் அனுப்பி, கை மாறி வந்த படத்தை மட்டும் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

தமிழ் எழுத்தில் கவனம் வேண்டும். எங்கள் அலுவலகத்துக்காக ஒருமுறை அறுபது அட்டைகளுக்கு இணையத்தில் ஓடர் கொடுத்தேன். பொதி வந்து பிரித்தால் 'பெருநாள்' என்ற சொல்லில் கொம்பு 'ப'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. அறுபதும் வீண். தவறு என்னுடையதும்தான், மாதிரியைக் கேட்டுப் பார்க்காமல் சம்மதம் சொல்லிவிட்டேன். அச்சிடுவதற்கு முன் முழு அட்டையின் மாதிரிப் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். எழுத்து, பெயர்கள், வெட்டு ஓரம் மூன்றையும் வீட்டில் இரண்டு பேர் பார்க்கட்டும், ஒருவர் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாக இருந்தால் நல்லது. அதன் பிறகு "சரி, அச்சிடுங்கள்" என்று எழுதி அனுப்புங்கள்.

பெயர் போட்டுச் செய்யும் பொருளுக்குப் பெரும்பாலும் முற்பணம் கேட்பார்கள், அது வழமை. முழுத் தொகையையும் முதலே கேட்டால், அல்லது நேற்றுத் தொடங்கிய பக்கமாக இருந்தால், அல்லது தொலைபேசியில் பேச மறுத்தால் விலகிக்கொள்ளுங்கள். வங்கி அனுப்பும் இரகசிய எண்ணை எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை, காசு பெறுவதற்கு அது அவர்களுக்குத் தேவைப்படாது. பேசிய விலை, எண்ணிக்கை, தேதி எல்லாம் குரலில் அல்லாமல் எழுத்தில் இருக்கட்டும். ஏமாற்றப்பட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம், அப்போது அந்த எழுத்துத்தான் சாட்சி.

இணையம் பிடிக்காவிட்டால், தொலைபேசியில் நீங்களே வடிவமைத்து மன்னார் நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் 4ஆர் பிரதிகளாக எடுக்கலாம். சின்ன எண்ணிக்கைக்கு அது பல வேளை மலிவாக வரும். பஸ் காசையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

அட்டை வந்தபின்

பின்பக்கத்தில் கையால் எழுதுங்கள்: யார் யார், இடமிருந்து வலமாக; எந்த ஊர்; எந்த மாதம், எந்த ஆண்டு. அதற்குக் கீழே உங்கள் புதிய முகவரி. வீட்டு இலக்கம் இன்னும் கிடைக்காவிட்டால் குடும்பத் தலைவரின் பெயர், கிராமம், தபாலகம், மாவட்டம் போதும், தொலைபேசி இலக்கத்தையும் சேருங்கள். புத்தளத்து முகவரியையே இன்னும் வைத்திருக்கும் உறவினர்கள் பலர். இந்த அட்டையைப் பார்த்து அவர்கள் புத்தகத்தில் மாற்றிக்கொள்வார்கள்.

உறையை ஒட்டும் முன் ஒன்றைத் தபாலகத்தில் நிறுத்துப் பார்த்து முத்திரை எவ்வளவு என்று கேளுங்கள். புத்தளத்தில் ஒரே பகுதிக்கு ஐந்தாறு அட்டை இருந்தால், அந்தப் பக்கம் போகும் ஆளிடம் கட்டாகக் கொடுத்துவிடலாம்.

மூலப் படத்தை உங்கள் தொலைபேசியில் மட்டும் வைத்திருக்க வேண்டாம். வேறு ஊரில் இருக்கும் ராத்தாவுக்கோ அக்காவுக்கோ டாக்கியூமென்டாக அனுப்பி, அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.